ஆதிச்சபையில் யாருக்கு என்ன பொறுப்பு? வீட்டு வேதப்பாடத்தில் இதை எடுத்துப் படிப்பது எப்படி

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் பெங்களூரு லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு முதல் மாடி வீட்டின் ஹாலில் வெள்ளிக்கிழமை இரவு நடக்கிறது. ஏழரை மணி என்று பேர், ஆனால் மானியதா டெக் பார்க்கிலிருந்து வருகிறவர்கள் டிராஃபிக்கைத் தாண்டி வந்து சேர எட்டு ஆகிவிடும். பாதிப்பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இரண்டு குடும்பம் கத்தோலிக்கர்கள், மீதி பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். போன வருஷம் எங்களில் சிலர் போகிற சபையில் கமிட்டித் தேர்தல் வந்தது, வீடு வீடாக ஓட்டுக் கேட்டு ஆள் வந்தார்கள், உறவுக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. அந்தச் சூட்டோடு ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர், "மூப்பர்னா உண்மையில யாரு? கமிட்டி மெம்பரா, பாஸ்டரா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் அவரவர் சபையில் இருக்கிறதை வைத்துப் பதில் சொன்னார்கள். எல்லோரும் வசனம் வைத்திருந்தார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் இதை வாராவாரம் உட்கார்ந்து ஒழுங்காகப் படிப்போம் என்று முடிவெடுத்தோம். ஏழு வாரம் ஆனது. உங்கள் கூட்டத்திலும் இதை எடுக்க நினைத்தால் எங்களுக்கு எது உதவியது, எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை எழுதுகிறேன். இறையியல் கல்லூரிப் படிப்பு தேவையில்லை, பொறுமை தேவை.

முதலில் பைபிள்கள். ஒரே மொழிபெயர்ப்பை எல்லோரும் வைத்துக்கொண்டு படித்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) ஒன்று, கத்தோலிக்க வீடுகளில் இருக்கிற பொது மொழிபெயர்ப்பு ஒன்று, இரண்டும் கட்டாயம் வேண்டும். பழையதில் அப்போஸ்தலர் என்று இருப்பது புதியதில் திருத்தூதர், தீர்க்கதரிசி இருக்கிற இடத்தில் இறைவாக்கினர், உதவிக்காரர் இருக்கிற இடத்தில் திருத்தொண்டர். அப்புறம் ஒரு பெரிய சார்ட் பேப்பர், நாலு கலர் ஸ்கெட்ச் பேனா. சார்ட்டைச் சுவரில் ஒட்ட முடியாவிட்டால் பீரோ கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள், ஏழு வாரமும் அது எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "எங்கள் சபையில் இப்படித்தான்" என்று யாரும் தொடங்கக் கூடாது. வசனத்தைச் சொன்னால் கூடவே மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த ஊர்ச் சபை, ஏறக்குறைய எந்த வருஷம், யார் யாருக்கு எழுதியது? எருசலேமில் நடந்தது கொரிந்துவில் அப்படியே நடக்கவில்லை, கி.பி. 50-ல் இருந்தது 110-ல் அப்படியே இல்லை. இந்த ஒரு விதியே பாதிச் சண்டையைத் தடுத்துவிடும்.

வினைச்சொல்லில் தொடங்குங்கள்

நாங்கள் முதல் வாரம் நேராக அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தை எடுத்தோம். அது தப்பு. "இவர்கள்தான் முதல் டீக்கன்மார்" (உதவிக்காரர்) என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் யாரும் வசனத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் முதலிலிருந்து ஆரம்பித்தோம், நீங்கள் அந்த வாரத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

தொடங்க வேண்டிய இடம் 1 தெசலோனிக்கேயர் 5:12. பவுலின் கடிதங்களில் இதுதான் முதலில் எழுதப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள், கி.பி. 50 அல்லது 51 வாக்கில். அந்தச் சபை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அங்கே யாரோ பொறுப்பில் இருக்கிறார்கள், அவர்களை மதியுங்கள் என்கிறார் பவுல். ஆனால் அவர்களுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. கண்காணி இல்லை, மூப்பர் இல்லை. மூன்று வினைச்சொல்தான் இருக்கிறது: பிரயாசப்படுகிறார்கள், விசாரணை செய்கிறார்கள், புத்திசொல்கிறார்கள்.

"விசாரணை" என்று வாசித்ததும் எங்கள் ஹாலில் ஒரு தம்பி, "போலீஸ் விசாரணையா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான், இன்றைக்கு அந்தச் சொல் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்விட்டது. ஆனால் பழைய கிறிஸ்தவத் தமிழில் விசாரணை என்றால் பார்த்துக்கொள்வது, கவனித்துக்கொள்வது. சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்வது பந்திவிசாரணை. கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையை முன்பெல்லாம் விசாரணைக் குரு என்றுதான் சொல்வார்கள். ஊரில் இன்றைக்கும் "உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன், விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறோமே, அந்த விசாரிப்புதான். இதைச் சொன்னதும் அங்கிருந்த பெரியவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சார்ட்டில் முதல் வரியாக இந்த மூன்று வினைச்சொல்லையும் எழுதிவிடுங்கள், பட்டங்கள் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். ஏழு வாரத்தில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவதாக 1 கொரிந்தியர் 12:28. அங்கே வரிசை வேறு: முதலில் அப்போஸ்தலர், இரண்டாவது தீர்க்கதரிசிகள், மூன்றாவது போதகர்கள், பிறகுதான் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள், உபகார ஊழியங்கள், ஆளுகைகள், பாஷைகள். முதல் மூன்றுக்கு மட்டும் பவுல் எண் போடுகிறார். அந்த மூன்றுமே சொல்லோடு சம்பந்தப்பட்டவை. நிர்வாகம் பட்டியலின் கடைசிக்கு முன்னால் வருகிறது. "ஆளுகைகள்" என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல் கப்பல் ஓட்டுவதோடு சேர்ந்தது. நடபடிகள் 27-ல் பவுல் போன கப்பலின் மாலுமிக்கும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். சுக்கானைப் பிடிக்கிறவன் கப்பலுக்குச் சொந்தக்காரன் கிடையாது, அதே அதிகாரத்தில் கப்பல் எஜமான் தனியாக வருகிறான், அதையும் காட்டுங்கள்.

மூப்பர், கண்காணி: இரண்டு பேரா, ஒரே ஆளா?

இதற்கு ஒரு வெள்ளிக்கிழமை முழுவதையும் ஒதுக்குங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நடபடிகள் 20-ஐ எடுத்து, 17-ம் வசனத்தில் பவுல் எபேசுவிலிருந்து யாரை வரவழைத்தார் என்று கேளுங்கள். மூப்பரை. அதைப் பச்சையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 28-ம் வசனத்தில் அதே ஆட்களைப் பார்த்து, பரிசுத்த ஆவி உங்களை என்னவாக வைத்தார் என்கிறார்? கண்காணிகளாக. அதை நீலத்தில். பிறகு தீத்து 1:5, மூப்பரை ஏற்படுத்து. 7-ம் வசனம், ஏனென்றால் கண்காணியானவன் இப்படி இப்படி இருக்க வேண்டும். பச்சையும் நீலமும் ஒரே ஆள் மேல் வந்து விழுவதை அவர்களே பார்த்துவிடுவார்கள். பிலிப்பியர் 1:1-ல் கண்காணிகள் என்று பன்மையில் இருப்பதையும் விடாதீர்கள். ஓர் ஊர்ச் சபையில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்காணிகள் இருந்திருக்கிறார்கள்.

மூப்பர் என்பது யூத ஜெப ஆலயங்களிலிருந்தும் ஊர்ச்சபை வழக்கத்திலிருந்தும் வந்த பெயர், நம் ஊர்ப் பெரியவர்கள் என்று சொல்வது போல. கிரேக்கத்தில் பிரெஸ்புதெரோஸ். கண்காணிக்கு எபிஸ்கோபோஸ். அந்த எபிஸ்கோபோஸ்தான் காலப்போக்கில் தேய்ந்து பிஷப் ஆனது, பிரெஸ்புதெரோஸ் பிரீஸ்ட் ஆனது. இதைக் கேட்டதும் எங்கள் கத்தோலிக்க நண்பருக்கும் சி.எஸ்.ஐ. அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் உற்சாகம் வந்தது, கொஞ்சம் அடக்க வேண்டியிருந்தது.

"கண்காணி" என்ற சொல்லோடு ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு பாட்டியின் குடும்பம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். அவருக்குக் கண்காணி என்றால் கங்காணிதான்: ஆள் பிடித்து வருகிறவன், பேர் எடுக்கிறவன், கூலியில் பங்கு பார்க்கிறவன். "பைபிள்ல இந்தச் சொல்ல எதுக்குப் போட்டாங்க?" என்று வருத்தமாகவே கேட்டார். நான் அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல், அடுத்த வாரம் தேடிக்கொண்டு வந்தேன். எபிஸ்கோபோஸ் என்ற சொல்லின் வேர், பார்ப்பது, போய்ப் பார்ப்பது. அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்தான் மத்தேயு 25:36-ல் வருகிறது, வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்கிற இடத்தில். யாக்கோபு 1:27-ல் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பது என்கிற இடத்திலும் அதே வினைதான். பாட்டி இதைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வசனத்துக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டார். நீங்கள் இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வாசிக்கச் சொன்னால் போதும், சொற்பொழிவு எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டுத் தகராறு

இப்போது நடபடிகள் 6-க்கு வாருங்கள். இந்த அதிகாரத்தைப் பெங்களூருத் தமிழர்களுக்குப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. எருசலேம் சபையில் இரண்டு மொழிக்காரர்கள் இருக்கிறார்கள், எபிரெயர் பக்கம் ஒன்று, கிரேக்கம் பேசுகிற யூதர்கள் பக்கம் ஒன்று. கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகள் தினசரிப் பந்தியில் விட்டுப்போகிறார்கள். வெளியூர் மொழி பேசிக்கொண்டு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சபை என்ன செய்தது என்பதை மெதுவாகப் பாருங்கள். குறையைச் சொன்னவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி முழுக் கூட்டத்திடமும் விட்டார்கள். ஏழு பெயரையும் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்திப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். யூதர்களிலும் கிரேக்கப் பெயர் வைத்தவர்கள் நிறைய இருந்தார்கள், அதனால் பெயரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால், அதையும் சார்ட்டில் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த ஏழு பேருக்கும் அங்கே டீக்கன் என்ற பட்டம் கொடுக்கப்படவில்லை. தியாகோனியா, அதாவது ஊழியம் என்ற சொல் வருகிறது, ஆனால் பந்தி ஊழியத்துக்கும் வசன ஊழியத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லாக வருகிறது. பந்திக்காக வைக்கப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் பெரிய பிரசங்கம் பண்ணிவிட்டுக் கல்லெறியப்பட்டுச் சாகிறான். பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறான், பின்னால் 21:8-ல் அவனுக்குச் சுவிசேஷகன் என்றே பெயர். "கல்யாணச் சமையல் கமிட்டி ஒருபக்கம், ஆவிக்குரிய ஊழியம் ஒருபக்கம்" என்று நாம் போடுகிற கோட்டை அவர்கள் போட்ட மாதிரித் தெரியவில்லை.

ரோமர் 16: பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்

வாழ்த்துகள்தானே என்று பெரும்பாலும் வேகமாக வாசித்துவிடுகிற அதிகாரம். ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள்.

எங்கள் ஹாலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி பழைய திருப்புதலில் 16:1-ஐ வாசித்தார், கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு "ஊழியக்காரியாகிய" பெபேயாள். கத்தோலிக்க அக்கா பொது மொழிபெயர்ப்பைத் திறந்தார், அதில் "திருத்தொண்டர்". அவருடைய பங்கில் போன வருஷம் ஒரு தம்பி திருத்தொண்டராகத் திருநிலை பெற்றிருந்தான், அக்கா அந்த விழாவுக்குப் போய்வந்தவர். அவர் அந்தச் சொல்லை வாசித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, திரும்பவும் ஒருமுறை வாசித்தார். ஐ.டி.யில் வேலை பார்க்கிற ஒரு பெண் போனில் ஆங்கிலத்தில் பார்த்து, ஒன்றில் செர்வன்ட், இன்னொன்றில் டீக்கன் என்று சொன்னாள். கிரேக்கத்தில் இருப்பது தியாகோனோஸ், பிலிப்பியர் 1:1-ல் உதவிக்காரர் என்று வருகிற அதே சொல். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கெங்கிரேயா கொரிந்துவின் கிழக்குத் துறைமுகம். பவுல் கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து ரோமருக்கு எழுதினார் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை ரோமாபுரிக்கு எடுத்துப் போனவள் பெபேயாள்தான் என்பது பெரும்பாலோர் ஏற்கிற கருத்து, அவளை நன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் கேட்பதே அதனால்தான். 2-ம் வசனத்தில் அவளைப் பற்றி இன்னொரு சொல், புரோஸ்தாத்திஸ், பலருக்கு ஆதரவாக நின்று பராமரிக்கிற பெரிய மனுஷி என்ற பொருள். பிறகு பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, அவர்கள் வீட்டில் கூடுகிற சபை, மனைவி பெயர்தான் முதலில். 7-ம் வசனத்தில் யூனியா. அந்த வசனத்தை எப்படிப் பிரித்து வாசிப்பது என்பதில் இன்றும் வாதம் இருக்கிறது, ஆனால் 4-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரசங்கித்த கிரிசோஸ்தம், கிரேக்கமே தாய்மொழியாகக் கொண்டவர், யூனியா ஒரு பெண், அப்போஸ்தலர் என்று எண்ணப்படும் அளவுக்கு உயர்ந்தவள் என்று வியந்து பேசியிருக்கிறார்.

இந்த இடத்தில் யாராவது 1 தீமோத்தேயு 2:12-ஐ (பெண் உபதேசம்பண்ண அனுமதி இல்லை என்கிற வசனம்) எடுப்பார்கள். எடுக்கட்டும், தடுக்காதீர்கள். அதையும் சார்ட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே 1 கொரிந்தியர் 11:5-ஐயும் (பெண்கள் சபையில் ஜெபம் பண்ணுகிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள்), நடபடிகள் 21:9-ஐயும் (பிலிப்புவின் நான்கு குமாரத்திகள்) எழுதுங்கள். ஆரம்பத்தில் போட்ட மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், கெங்கிரேயாவில் பொறுப்பில் இருந்தவள் ஒரு பெண் என்பதை மூடி மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. கூட்டத்தில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போகவில்லை. ஒரு அண்ணன் ஒத்துப்போகாமலேயே அடுத்த வாரமும் வந்தார், அது எனக்குச் சந்தோஷம்.

கூடவே ஒரு வெளிச்சாட்சியும் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஊழியக்காரிகள் என்று அழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகச் சொல்கிறார். அவர்களுடைய பெயரை அவர் எழுதவில்லை. இதை வாசித்த பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் ஜெபித்தோம்.

பைபிளுக்கு வெளியே இரண்டு வாரம்

"வேதத்துக்கு வெளியே எதுக்கு?" என்று கேட்பார்கள். இவை வேதவசனம் இல்லை, ஆனால் அடுத்த தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதங்கள், நம் தாத்தா பாட்டி எழுதிய கடிதம் வீட்டில் கிடைத்தால் வாசிப்போம் இல்லையா, அந்த மாதிரி என்று நான் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் திதாகே. பன்னிரண்டு அப்போஸ்தலரின் உபதேசம் என்று தலைப்புள்ள சின்னக் கையேடு, 1-ம் நூற்றாண்டின் கடைசி அல்லது 2-ம் நூற்றாண்டின் தொடக்கம். பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்து, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பிலோதெயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க பிஷப் கண்டெடுத்து 1883-ல் வெளியிட்டார். வெளியூரிலிருந்து ஊழியக்காரர்கள் வந்துபோகிற வீட்டுச் சபைகளுக்கு எழுதியது என்பதால், நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடைக்காது. ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள், ஆனால் அவர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. போகும்போது அடுத்த இடம் போய்ச் சேரும் வரைக்கும் அப்பம் மட்டும் கொடு, பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி எனக்குப் பணம் கொடு என்றால் கேட்காதே, இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொன்னால் அவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசியுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்துபோன யாரையும் பெயர் சொல்லி இழுக்க விடாதீர்கள், கூட்டம் வம்பில் போய் முடியும்.

அதே நூலின் 15-ம் பகுதியில், கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், சாந்தமுள்ளவர்களாக, பண ஆசை இல்லாதவர்களாகப் பாருங்கள், அவர்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று வருகிறது. அற்பமாக எண்ணாதே என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால், வந்துபோகிற தீர்க்கதரிசிகளுக்கு இருந்த மவுசு உள்ளூர்ப் பொறுப்பாளர்களுக்கு இல்லை என்றுதானே அர்த்தம்.

அடுத்து, கி.பி. 96 வாக்கில் ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதம். கிளெமெந்துவின் பெயரில் அறியப்படுகிறது, ஆனால் கடிதத்துக்குள் அவர் பெயர் கிடையாது. கொரிந்துவில் குற்றமில்லாமல் பணிசெய்துவந்த மூப்பர்கள் சிலரைப் பொறுப்பிலிருந்து தள்ளிவிட்டார்கள், அது தப்பு என்று எழுதுகிறார்கள். அங்கேயும் கண்காணியும் மூப்பரும் பிரித்துப் பேசப்படவில்லை.

பிறகுதான் அந்தியோகியாவின் பிஷப் இக்னாத்தியு. மரண தண்டனைக்காக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிற வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார், பொதுவாக 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்று சொல்வார்கள். ஒரே பிஷப், அவரோடு மூப்பர் குழு, உதவிக்காரர் என்ற மூன்றடுக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. பிஷப் இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். எங்கள் சி.எஸ்.ஐ. அண்ணன் இதோடு விஷயம் முடிந்தது என்று பைபிளை மூடப் போனார். ஆனால் அதே இக்னாத்தியு ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அங்குள்ள பிஷப் என்று யாரையும் குறிப்பிடவில்லை. அவருடைய நண்பர் சிமிர்னா பிஷப் பொலிகார்ப்பு பிலிப்பியருக்கு எழுதும்போது அங்கே மூப்பர்களும் உதவிக்காரரும்தான் வருகிறார்கள். எல்லா ஊரும் ஒரே நாளில் ஒரே மாதிரி மாறவில்லை. (சி.எஸ்.ஐ.யில் பேராயரும் உண்டு, ஓட்டுப்போட்டுத் தெரிந்தெடுக்கிற கமிட்டியும் உண்டு, ஏனென்றால் 1947-ல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளோடு பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் வழிவந்தவர்களும் சேர்ந்துதான் அது உருவானது. இதை அந்த அண்ணனுக்குத் தனியாக டீ குடிக்கும்போது சொன்னேன்.)

பணத்தைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள்

இந்தப் பாடத்தில் எதைத் தொட்டாலும் கடைசியில் காணிக்கைப் பெட்டியில் வந்து நிற்கும். முதலிலேயே எடுத்தால் நம் சபைக் கணக்கு வழக்கு என்று பேச்சு திரும்பிவிடும். ஆறு வாரம் சேர்ந்து படித்த பிறகு எடுத்தால் மனம் கொஞ்சம் பண்பட்டிருக்கும்.

பொலிகார்ப்பின் அதே கடிதத்தில் வாலென்ஸ் என்று ஒரு மூப்பர் வருகிறார். பண ஆசையில் விழுந்து பொறுப்பை இழந்தவர் போலத் தெரிகிறது, மனைவியும் சேர்ந்து. பொலிகார்ப்பு அவருக்காக மிகவும் துக்கப்படுகிறேன் என்று எழுதுகிறார், பண ஆசையைக் கடுமையாகக் கண்டிக்கிறார், கூடவே அவர்களைச் சத்துருக்களாக எண்ணாதீர்கள், வழிதவறின அவயவங்களாக நினைத்துத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். இந்தப் பகுதியை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர் அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் இந்த இடத்தில் அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

பிறகு யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படி நடந்தது என்று வெளியாருக்கு விளக்கி எழுதுகிறார். வசதியுள்ளவர்கள் மனமிருக்கிறபடி கொடுக்கிறார்கள், சேர்ந்தது ஆராதனையை நடத்துகிறவரிடம் வைக்கப்படுகிறது, அவர் அதை வைத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருக்கிறவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறார். வர முடியாதவர்களுக்கு அப்பத்தை உதவிக்காரர்கள் வீட்டுக்கே எடுத்துப் போகிறார்கள். தலைவர் யார் என்பதற்குப் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும்.

கடைசியாக ஒரு எண்ணிக்கை. 251-ல் ரோமாபுரி பிஷப் கொர்நேலியு எழுதிய ஒரு கடிதத்தை யூசேபியு தன் சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். அப்போது ரோமச் சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர், 7 துணை உதவிக்காரர், 42 பீடத் துணைவர், பேயோட்டுகிறவர், வாசகர், வாயில் காப்போர் சேர்ந்து 52 பேர், அவர்களோடு சபை பராமரித்த விதவைகளும் கஷ்டப்பட்டவர்களும் 1,500-க்கு மேல். ரோம் பெரிய நகரம், ஆனால் உதவிக்காரர் ஏழே பேர். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், யாராவது நடபடிகள் 6 என்று சொல்லிவிடுவார்கள். இந்த எண்களைச் சார்ட்டின் கீழே எழுதும்போது 1,500-ஐப் பெரிதாக எழுதுங்கள். கொர்நேலியு தன் சபை எவ்வளவு பெரியது என்று காட்டும்போது அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்.

அதற்கு மேல் விவாதம் வைக்காதீர்கள், நேரமாகியிருக்கும், மறுநாள் சனிக்கிழமை வேலை இருக்கிறவர்கள் இருப்பார்கள். சார்ட்டைத் திருப்பி ஒட்டிவிட்டு, நம் கூட்டத்திலும் நம் சபைகளிலும் படுத்த படுக்கையாய் இருக்கிறவர்கள், தனியாக இருக்கிற விதவைகள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள், ஒருவர் எழுதட்டும். எங்கள் பட்டியலில் பதினொரு பெயர் வந்தது. பாட்டி ஏற்கெனவே நாலு பேர் வீட்டுக்கு வாரத்துக்கொரு தடவை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார், அது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்று பேருடைய வீடு எங்கே என்று அந்த ஹாலில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்றையும் யார் விசாரித்துக் கண்டுபிடிப்பது என்று பெயர் போட்டு, போன் நம்பர் வாங்கி, அதன் பிறகுதான் முடிவு ஜெபம் செய்தோம்.